கேட்காமல் கொடுத்த சம்மதம்

உத்தமன் மன்றத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்ற பேச்சு ஆஸ்டின் டவுனில் ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர்க் குழாயடியில் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அது சந்து முழுவதும் பரவி, கறிக்கடை வரிசையைத் தாண்டி, அவருடைய மனைவி மரகதத்தின் காதுக்கும் வந்துவிட்டது. உத்தமனின் காதுக்கு மட்டும் வரவில்லை. அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்து போன இரண்டு பேர், "வித்துட்டு உக்காந்துகினு பேப்பர் பாக்குறான் பாரு" என்று கேட்கும்படியாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, யாரோ வணக்கம் சொன்னதாக நினைத்துக் கையைத் தூக்கினார்.

அது 2008. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று பெங்களூரில் சுவருக்குச் சுவர் சிவப்புக் குறி போட்டுக்கொண்டிருந்த காலம். பெரிய ரோட்டை ஒட்டி, சந்து முனையில் இருந்த கௌதமர் மன்றத்தின் முன்சுவரிலும் ஒரு குறி விழுந்திருந்தது. மன்றம் என்றால் ஒரே ஒரு கூடம்தான். உள்ளே புத்தர் சிலை, அண்ணல் அம்பேத்கர் படம், இரண்டு அலமாரிப் புத்தகங்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள். காலையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு, மாலையில் டியூஷன், ஞாயிறன்று புத்த வந்தனை. கல்யாணப் பேச்சோ சாவு வீட்டுக் கூட்டமோ, உட்கார்ந்து பேச அந்தச் சந்துக்கு வேறு இடம் கிடையாது.

உத்தமன் அதன் செயலாளர். வயது அறுபத்து மூன்று. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் அட்டெண்டராக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சந்தில் ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனாலும், ஒரு வாரம் தண்ணீர் வராவிட்டாலும் அவர்தான் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பேசப் போவார். கன்னடத்தில் பேசுவார். பக்கத்துத் தெரு பாய்களோடு உருதுவில் பேசுவார். எந்த நாற்காலிக்கு முன்னாலும் குரலைத் தாழ்த்தமாட்டார். அவருடைய தகப்பனார் காலத்தில் இதே தெருக்களில் தலைகுனிந்து நின்றவர்கள் இருந்தார்கள். உத்தமன் நின்றதில்லை. சந்து அவரை மதித்தது அதற்காகத்தான்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை அளவெடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். கூட வந்த அதிகாரிக்கு மெல்லிய குரல், உதட்டை மூடும் மீசை. பக்கத்தில் ஒரு ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. அதிகாரி கன்னடத்தில் சொன்னது இதுதான்: முன்சுவரை மட்டும் எடுத்தால் பின்னால் சிக்கல் வரும், கூடம் முழுவதையும் எடுத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் ஓர் இடம் ஒதுக்குகிறோம், மன்றத்துக்குச் சம்மதம்தானே? உத்தமனின் காதில் குரல் விழுந்தது, பேச்சு விழவில்லை. சுவரைக் குறிக்கும் 'கோடே' என்ற ஒரு சொல் மட்டும் தட்டுப்பட்டது. அளவு முடிந்தது, சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதாக எண்ணிக்கொண்டார். இப்போதெல்லாம் பாதிப் பேச்சை அவர் அப்படி எண்ணித்தான் சமாளித்துக்கொண்டிருந்தார். "ஆய்த்து சார், ஆய்த்து" என்று தலையாட்டி, கைகொடுத்து அனுப்பினார். ஆகட்டும் சார் என்று அர்த்தம்.

பக்கத்தில் நின்றிருந்த நாகேஷ் கேள்வியையும் கேட்டான், பதிலையும் கேட்டான். நாகேஷ் ஆட்டோ ஓட்டுகிறவன், மன்றத்தின் துணைச் செயலாளர், முப்பத்தைந்து வயது. திகைத்துப்போய், எதற்காக ஒப்புக்கொண்டீர்கள் என்று அப்போதே அவரைக் கேட்டான். ஜேசிபி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. உத்தமன் சிரித்த முகத்தோடு அவன் தோளைத் தட்டி, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு, போ" என்றார். அதற்கு மேல் நாகேஷுக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

அந்த ஞாயிறு வந்தனை முடிந்ததும் நாகேஷ் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் கேட்டான். இம்முறை கத்திக் கேட்டதால் உத்தமனுக்கு நன்றாகவே கேட்டது. தான் எதற்கும் சம்மதிக்கவில்லை என்றார். நீங்கள் தலையாட்டியதை நாங்கள் பார்த்தோம் என்று அன்று அங்கே நின்ற இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன் பதவிக்கு ஆசைப்பட்டு இவர்கள் கூட்டுச் சேர்ந்து கதை கட்டுகிறார்கள் என்று உறுதியாக நம்பினார். ஒவ்வொருவனாகப் பேர் சொல்லித் திட்டினார். யாருக்காக எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிநேரம் நின்றார் என்பதையெல்லாம் சொல்லிக்காட்டினார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். பின்னாலிருந்து பலரும் ஏதேதோ சொன்னார்கள். அது அவருக்கு வெறும் இரைச்சலாகத்தான் இருந்தது.

வீட்டில் மரகதம் சமையல் மேடை அருகே முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்து, மூட்டுவலி வந்து நின்றவள். கூட்டத்தில் நடந்ததை உத்தமன் நடந்துகொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் திரும்பாமலே, நீ தலையாட்டினாயா என்று கேட்டாள். அவர் நாகேஷைத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் மறுபடி மறுபடி கேட்டாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நாலு வாட்டி கேட்டேன். ஒனக்குக் காது கேக்கல."

"நீ வாய்க்குள்ளயே முனகுனா யாருக்குக் கேக்கும்?"

மரகதத்துக்கு இரண்டு வருஷக் கோபம் இருந்தது. டிவியைச் சந்து முனை வரை கேட்கும்படி வைப்பார். குக்கர் விசில் அடித்துக் கருகினாலும் எழுந்திருக்கமாட்டார். அவள் சொன்னது எதற்கும் பதில் வராது, வந்தாலும் பொருந்தாமல் வரும். கேட்டால், நீங்கள் எல்லோரும் சேர்ந்து முனகுகிறீர்கள் என்று அவள்மேலேயே பாய்வார். கட்டிய நாள் முதல் அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், வயதானதும் இன்னும் அலட்சியமாகிவிட்டான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். செவிடு என்று புரிந்த பிறகும் அவள் கோபம் குறையவில்லை. தன் குறையை ஒப்புக்கொள்ளாமல் அதைத் தூக்கி அவள் தலையில் வைக்கிறாரே என்று அது கூடத்தான் செய்தது.

அன்று அவள் அழவில்லை. மகள் லாவண்யாவுக்குப் போன் போட்டாள். லாவண்யா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் கால் சென்டரில் வேலை பார்த்தாள். அங்கேயே பெண்கள் விடுதியில் தங்கி, லீவு நாளில் மட்டும் வீட்டுக்கு வருவாள்.

லாவண்யா இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். காதில் அழுக்கு சேர்ந்திருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் அப்பாவைக் கிளப்பினாள். அழுக்கு என்றதும் உத்தமன் உடனே எழுந்து சட்டை போட்டார். அழுக்கு யாருக்கும் வரும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் டாக்டர் ஷோபாவின் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கே இல்லை என்றார். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். உத்தமன் தடித்த சத்தங்களுக்கு விரலைத் தூக்கினார். பிறகு வெகுநேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த லாவண்யா, சத்தம் போய்க்கொண்டே இருப்பதைக் காட்டும் சிறு விளக்கையும் அப்பாவின் அசையாத கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தன் நாற்காலியை அவருக்கு நேர் எதிரில் இழுத்துப் போட்டு, நிதானமாகப் பேசினார்.

"உங்களுக்குச் சத்தம் கேக்குது. வார்த்தைதான் கேக்கல. அப்படித்தானே?"

உத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை யாரும் அதை அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. காது நரம்பு பழுதாகியிருக்கிறது, மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும், பெண்கள் குரலும் ச, த, ப மாதிரியான எழுத்துகளும் அதோடு போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். பிறகு இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தார், பிரஷர் பார்த்தார். அதுவும் அதிகமாக இருந்தது. சுகர் இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் இருக்கிறது என்றார் உத்தமன். ஒன்பது வருஷமாகவே அது கொஞ்சம்தான். தலை சுற்றினால் மாத்திரை போடுவார், சுற்றாவிட்டால் விட்டுவிடுவார். வாரத்தில் ஒரு நாள் பாகற்காய் ஜூஸ். மற்றபடி எந்த ஆபீஸ் வாசலில் நின்றாலும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ.

மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். சுகர் இருநூற்று அறுபதைத் தாண்டியிருந்தது. கொழுப்பும் அதிகம்.

காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஓர் உறுப்பு இருக்கிறது, அதற்குப் போகிற ரத்தக்குழாய் தலைமுடி போல மெல்லியது, அது அடைபட்டால் ரத்தம் வர மாற்று வழி கிடையாது என்று டாக்டர் சொன்னார். சுகரும் பிரஷரும் வருஷக்கணக்காக அந்தக் குழாயைக் கெடுக்கும், கண்ணிலும் கிட்னியிலும் செய்வதைத்தான் காதிலும் செய்யும் என்றார். உங்கள் வயதுக்கும் இதில் பங்கு உண்டு, சுகர் மட்டுமே செய்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் சுகர் இருப்பவர்களுக்குக் காது மந்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது என்று இப்போதுதான் கணக்கெடுத்துச் சொல்கிறார்கள் என்றார்.

உத்தமன் மேஜையில் கையை ஊன்றி எழுந்தார்.

"கண்ணு போகும்னு சொன்னாங்க, காலு போகும்னு சொன்னாங்க, கிட்னி போகும்னு சொன்னாங்க. காது போகும்னு எந்த டாக்டரும் சொல்லலியே. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியிலயே கெடந்தேன் மேடம். ஒருத்தன் சொல்லல."

"சொல்லியிருக்கணும். உங்க கோபம் நியாயம்தான்" என்றார் டாக்டர். அவருக்கும் குரல் உயர்ந்திருந்தது. "ஆனா கண்ணு போகும், காலு போகும்னு சொன்னாங்கல்ல? அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

டாக்டர் பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, போன நரம்பு திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் சுகரைக் கட்டுப்படுத்த வேண்டும், கேட்பதற்கு மெஷின் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மெஷின் என்றதும் உத்தமன் வாசலைப் பார்த்து நடந்துவிட்டார். காதில் மெஷின் மாட்டிக்கொண்டு அதிகாரிகள் முன்னால் நிற்க அவரால் முடியாது. செவிட்டுக் கிழவன் வந்திருக்கிறான் என்று பியூன்கூடச் சிரிப்பான்.

ஆட்டோவில் லாவண்யா ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, ஆபீஸில் முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுக் கிழவருக்குக் கேட்கவில்லை என்றால் நாலு முறை பொறுமையாகத் திருப்பிச் சொல்வேன், அதற்குத்தான் சம்பளம், உன்னிடம் மட்டும் இரண்டாவது முறையே கத்திவிடுகிறேன் என்றாள். அவளுக்குத் தன்மேலேயே கோபம். உத்தமனுக்கு அதுவும் பாதிதான் கேட்டது. ஆனால் மகள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் சந்தில் பேச்சு முற்றியது. அவர் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். தையல் வகுப்புப் பெண்கள், மரகதம் வந்தால் வாயை மூடிக்கொண்டார்கள். அதிகாரி உனக்கு என்ன கொடுத்தான் என்று ஒருவன் நேராகவே கேட்டான். தான் தலையாட்டியிருக்கக்கூடும் என்று உத்தமனுக்கு இதற்குள் புரிந்துவிட்டது. ஆனால் அதை வெளியே சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்வதைவிட அவர்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

பௌர்ணமி வந்தது. பௌர்ணமி காலையில் மன்றத்தைத் திறந்து விளக்கேற்றுவது செயலாளரின் வேலை. உத்தமன் குளித்து, பூ வாங்கிக்கொண்டு போனார். கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அவர் சாவி அதில் நுழையவில்லை. எதிர்க் கடையில் நின்றிருந்தவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. பூவை வீசி எறிந்தார். செருப்புக் காலோடு அந்த இரும்புக் கதவை எட்டி உதைத்தார், திரும்பத் திரும்ப உதைத்தார். மூச்சு வாங்கியபோதுதான் நிறுத்தினார். யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

மரகதம் துடைப்பத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் சிமெண்டுத் தரையில் ரத்தக் கறை. அவர் வலது கால் கட்டைவிரல் நகம் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பு நனைந்து ஊறியிருந்தது. அவள் அவர் காலைக் காட்டினாள். உத்தமன் குனிந்து பார்த்தார். அதுவரைக்கும் அவருக்குத் தெரியாது. வலிக்கவேயில்லை. அவர் பிளந்த நகத்தை விரலால் தொட்டார், அழுத்தினார். அப்போதும் வலிக்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் அவர் வேலையில் ஒன்று, வெட்டி எடுத்த காலைப் பச்சைத் துணியில் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோவது. முழங்காலோடு எடுத்தது, கணுக்காலோடு எடுத்தது என்று எத்தனையோ. ஒரு மனுஷனின் கால் தனியாக எவ்வளவு கனம் இருக்கும் என்று அவர் கைக்குத் தெரியும். பாதிப் பேருக்குமேல் சுகர்க்காரர்கள். எப்படி ஆச்சு என்று கேட்டால் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: முள் குத்தினது தெரியல, செருப்பு கடிச்சது தெரியல. கவனமில்லாத ஜனங்கள் என்று அவர் மனசுக்குள் அவர்களைத் திட்டியிருக்கிறார்.

மரகதம் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து காலைக் கழுவினாள். கழுவும்போதே பேசினாள். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வார்த்தைக்கும் முகத்தை நிமிர்த்தினாள்.

"துரோகின்னு சொல்றாங்க. அத கேட்டுகினு இருக்க. செவுடன்னு சொல்லிருவாங்கன்னுதான் ஒனக்கு ரோஷமா? எது கேவலம், சொல்லு. காது கேக்காதது கேவலமா, கேக்காதத கேட்ட மாதிரி தலையாட்டுனது கேவலமா?"

அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை, கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா நான் இந்த வீட்ல செவுத்தோட பேசிகினு இருக்கேன். இப்ப ஊரும் அப்படித்தான் ஆச்சு. நீ போய்ச் சொல்லலன்னா நான் போய்ச் சொல்லுவேன். அதுக்கப்புறம் நீ என்னிய என்ன வேணாலும் பேசிக்கோ."

அவள் வாசலில் ஆட்டோவை நிறுத்தி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டுவந்தாள். அன்றைக்கு ராத்திரியே அவர் மாத்திரையைத் தானாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அதே அதிகாரி, சம்மதத்தை எழுத்தில் வாங்க மன்றத்துக்கு வந்தார். செயலாளர் இல்லாமல் கையெழுத்து ஆகாது என்பதால் உத்தமனையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடம் நிரம்பி, வாசல் வரை ஆள் நின்றது. உத்தமன் கட்டுப் போட்ட காலை இழுத்து நடந்து உள்ளே வந்தார். பின்னால் மரகதமும் லாவண்யாவும் வந்தார்கள். யாரும் நாற்காலி தரவில்லை. அவர் நடுக்கூடத்தில் நின்று, அதிகாரியைப் பார்த்துக் கன்னடத்திலும், பிறகு எல்லோருக்கும் தமிழிலும் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க இன்னா கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது சார். எனக்குக் காது கேக்காது. நான் செவுடன். கேக்காமலே ஆய்த்துன்னு சொன்னேன். அந்தச் சம்மதம் செல்லாது. இப்ப என் முன்னாடி வந்து, மீசைய தூக்கிகினு, சத்தமா திருப்பிக் கேளுங்க."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நாகேஷ் சிரிக்கவில்லை. மாட்டிக்கொண்டதும் செவிட்டு வேஷம் போடுகிறார் என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். அவன் கோபத்திலும் பொய் இல்லை. அந்தக் கூடத்தில் டியூஷன் படித்துத்தான் அவன் தங்கை நர்ஸ் ஆனாள்; அதை ஒருவர் விற்றுவிட்டார் என்றால் அவன் வேறு எப்படி இருப்பான். அது வேஷம்தானா என்று சோதித்துப் பார்க்க அவன் உத்தமனுக்குப் பின்னால் போய், ஒரு கை தூரத்தில் நின்று, சாதாரணக் குரலில் மரகதத்தின் நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். வேறு எந்த நாளிலும் உத்தமன் அந்த வார்த்தைக்கு ஆளைத் தூக்கிப்போட்டு மிதித்திருப்பார்.

உத்தமன் அதிகாரியோடு பேசிக்கொண்டே இருந்தார். முன்சுவரை எடுத்தால் எத்தனை அடி போகும், கூடத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

நாகேஷ் அந்த வார்த்தையை இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். கூடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. தையல் வகுப்புப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எதிரில் இருந்த முகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மாறியதை உத்தமன் பார்த்தார். பேச்சை நிறுத்தித் திரும்பினார். நாகேஷ் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா சொன்னான்?" என்று அவர் கேட்டார்.

லாவண்யா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். மரகதம் அதை உதறிவிட்டு அவர் முன்னால் வந்து, நாகேஷ் சொன்ன வார்த்தையை அப்படியே, ஓர் எழுத்துக் குறைக்காமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இனிமேல் அவரிடமிருந்து எதையும் மறைத்துப் பேசுவதில்லை என்று அவள் முடிவுசெய்திருந்தாள்.

உத்தமன் கையை ஓங்கினார். நாகேஷ் விலகவில்லை, அடி வாங்கத் தயாராக நின்றான். வெகுநேரம் அந்தக் கை அப்படியே இருந்தது. பிறகு அவர் அதே கையால் அவன் சட்டையைப் பிடித்துத் தனக்கு நேர் எதிரில் இழுத்து நிறுத்தினார்.

"எது சொன்னாலும் என் மூஞ்சிக்கு முன்னாடி சொல்லு. முதுகுக்குப் பின்னாடி சொல்றதுக்கு நான் இன்னும் சாவல."

நாகேஷ் மரகதத்தின் பக்கம் திரும்பி, மன்னிச்சிருங்க அக்கா என்றான். அவள் அவனை மன்னித்ததாக அதற்குப் பிறகும் யாரும் கேள்விப்படவில்லை.

அதிகாரி இதையெல்லாம் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கேட்டார், ஆகட்டும் என்று பதில் வந்தது, குறித்துக்கொண்டார். இப்போது எழுந்து உத்தமனுக்கு எதிரில் வந்து, உரத்த குரலில் அதே கேள்வியைக் கேட்டார். உத்தமன் இந்த முறை கூட்டத்தைப் பார்த்து அதைத் தமிழில் திருப்பிச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். இல்லை என்று கூடம் முழுவதும் சொன்னது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அலைச்சல் இருந்தது. கடைசியில் முன்சுவரும் படிகளும் புத்தர் சிலைக்கு முன்னால் இருந்த சிறு முற்றமும் போயின. கூடம் குறுகிப்போய், ரோட்டுத் தூசியை நேராக வாங்கிக்கொண்டு நின்றது. தையல் மெஷின்களில் இரண்டை வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் மன்றம் அங்கேயேதான் இருந்தது.

காலில் காயம் ஆற வெகுநாள் பிடித்தது. கட்டைவிரல் நுனி கறுத்து, எடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு கட்டத்தில் பயமுறுத்தி, பிறகு தப்பியது. உத்தமன் ஒழுங்காக மாத்திரை போட்டார், சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளித்துக்கொண்டு குடித்தார். கால் ஆறியதும் தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றி நடந்தார். டாக்டர் ஷோபா சொன்ன மெஷினை லாவண்யா வாங்கிவந்தாள். அதைப் போட்ட முதல் வாரம் அவர் நரகம் என்றார். பாத்திரம் வைத்தால் இடி, ஆட்டோ போனால் மண்டைக்குள் ஓடியது. இரண்டு தடவை கழற்றி எறிந்தார். மரகதம் இரண்டு தடவையும் எடுத்துத் துடைத்து, ஒன்றும் பேசாமல் அவர் கையில் கொடுத்தாள். மெஷின் போட்டாலும் கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாகப் பேசினால் அவருக்குப் புரியாது. அப்போது அவர் கையைத் தட்டி, ஒவ்வொருத்தனா, முன்னாடி வந்து பேசு என்று அதட்டுவார். சந்தில் ஐம்பது வயது தாண்டிய எவனாவது கொஞ்சம் சுகர் இருக்கு என்று சொன்னால் அவர் பிடித்துக்கொண்டு விடமாட்டார். கண், கால் என்று ஆரம்பித்துக் காதில் வந்து நிற்கும்போது அவர் குரல் திட்டுவது போலவே இருக்கும். பயந்துபோய்ச் சிலர் டெஸ்ட் எடுத்தார்கள். சிலர் அவரைக் கண்டால் அடுத்த சந்தில் திரும்பிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் தேர்தல் நடந்தது. உத்தமன் நின்றார். நாகேஷும் நின்றான். கை தூக்கச் சொன்னபோது நாகேஷுக்குத்தான் அதிகம் தூக்கினார்கள். உத்தமன் முதல் ஆளாகப் போய் அவனுக்குக் கைகொடுத்தார். வெளியே வந்ததும் அவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இந்தக் கூடத்துக்காக எத்தனை வாசலில் நின்றேன், நன்றி கெட்ட ஜனங்கள் என்று வழிநெடுகப் பொருமிக்கொண்டே நடந்தார். மரகதம் அவருக்கு ஓர் அடி பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"அவன் ஒன்னவிட நல்லாத்தான் நடத்துவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உத்தமன் நடுரோட்டில் நின்று திரும்பி, இப்போது என்ன சொன்னாய் என்று கேட்டார். கேட்டுவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அவள் பின்வாங்கவில்லை. எதிரில் வந்து நின்று, அதையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். வீடு வந்து சேரும்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். இந்த முறை அவள் கேட்டதற்கெல்லாம் அவரிடமிருந்து பதில் வந்தது.